ஒரே கூரை, இரண்டு நாற்காலி

1

பாளையங்கோட்டை வாசகசாலையின் ஆண்டுவிழா மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டுமாம். தலைப்பைக்கூட அவர்களே வைத்துவிட்டார்கள்: மலாய் நாட்டு நீதிமன்றங்களின் மேன்மை. என் தம்பி யோவான் அங்கே வக்கீல் குமாஸ்தா. கலெக்டரே வரியும் வாங்கி, கலெக்டரே வழக்கும் விசாரிக்கலாமா என்று ஊரில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள் அல்லவா? அப்படி ஒரு கூட்டத்தில் இவன் எழுந்து, எங்கள் அண்ணன் இருக்கும் நாட்டில் எல்லாம் தனித்தனி, அதிகாரத்துக்கு ஓர் அறை, நீதிக்கு ஓர் அறை, நடுவில் செங்கல் சுவர் என்று பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறான். குற்றம் அவனுடையதல்ல. அப்படி அவனுக்கு எழுதித் தொலைத்தவன் நான்.

எழுத உட்கார்ந்தேன். மேன்மை என்ற சொல்லைத் தாண்டிப் பேனா நகர மறுக்கிறது. வெட்கமாக இருக்கிறது. ஆண்டுவிழா மலரில் இப்படி ஆரம்பிக்கலாமா என்று கேட்காதீர்கள். எனக்கு வேறு விதமாக ஆரம்பிக்கத் தெரியவில்லை. என் வாய்ச்சவடாலை நம்பியவன் தம்பி மட்டுமல்ல. இங்கே முத்தாயி என்று ஒரு பால்காரம்மாள் இருக்கிறாள். அவளும் நம்பினாள். அவளுக்கு அதனால் என்ன ஆயிற்று என்பதை மட்டும் எழுதி அனுப்புகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் வாசகசாலைச் சங்கத்தார் இஷ்டம்.

ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். ஈப்போவுக்கு வடக்கே, செமோரைத் தாண்டி, கோலா கங்சார் போகும் சாலையில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ரப்பர்த் தோட்டம், நடுவில் ஒரு கடைத்தெரு, ஓர் அரசாங்கக் கச்சேரி. துரையின் பெயரையும் எழுதமாட்டேன். நான் இன்னும் அவரிடம்தான் சம்பளம் வாங்குகிறேன். அதுவும் வெட்கப்பட வேண்டியதுதான், சேர்த்துக்கொள்ளுங்கள்.

2

நான் கச்சேரியில் துபாஷி. துரை ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். தமிழர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சீனருக்கு வேறொருவர் இருக்கிறார். மலாய் துரைக்கே தெரியும். தோட்டத்துச் சனங்கள் என்னைக் கிராணி ஐயா என்பார்கள். கணக்கெழுதுகிறவனும் கிராணி, காகிதம் தூக்குகிறவனும் கிராணி, கால்சட்டை போட்டவனெல்லாம் அவர்களுக்குக் கிராணி.

கட்டடம் ஒரே கூரை. இடப்பக்கம் ஆபீசு. நிலம், வரி, சாலை, சாக்கடை, கள்ளுக்கடை எல்லாம் அங்கே. அதற்கு ஒரு துரை. வலப்பக்கம் கோர்ட்டு. அங்கே வாரத்தில் இரண்டு நாள் ஈப்போவிலிருந்து மாஜிஸ்திரேட் துரை ரயிலேறி வருவார். அவர் சிடுமூஞ்சி, யாரோடும் சிரிக்கமாட்டார், ஆபீசுத் துரையோடுகூடச் சாப்பிடமாட்டார். இரண்டுக்கும் நடுவில் சுவர். சுவரில் ஒரு சின்னக் கதவு. அதில் போய்வருகிறவன் நான் ஒருவன்தான். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். கோர்ட்டுக்குப் போகும்போது மாட்டிக்கொள்வேன், ஆபீசுக்குத் திரும்பும்போது கழற்றுவேன்.

அந்தச் சுவரை நான் எவ்வளவு மெச்சினேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா கிராம முன்சீப். கிஸ்தி வசூலிப்பவரும் அவர், சில்லறை வழக்குகளைத் தீர்ப்பவரும் அவர். வசூலுக்குப் போகும்போது வெறுந்தலை. வழக்குக்கு உட்காரும்போது தலைப்பாகை. எங்கள் ஊரில் நீதி என்பது அந்த ஏழு முழத் துணிதான். ஒருநாள் காலையில் ஒருவன் கிஸ்தி கட்டமாட்டேன் என்று அப்பாவோடு வாய்ச்சண்டை போட்டான். அதே ஆள் சாயங்காலம் கிணற்றுத் தண்ணீர் முறை பற்றிய வழக்கில் அப்பா முன்னாலேயே வந்து நின்றான், தோற்றான். அப்பா நியாயமாகத்தான் தீர்த்தார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. எங்கள் அம்மாவே நம்பவில்லை. உங்க கோபத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திவச்சிருக்கலாமே என்று சோறு போடும்போது சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என் தலையில் துண்டைக் கட்டிவிட்டு, இப்போது நீ யார், இப்போது நீ யார் என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தக் கூச்சம் என்னோடு கப்பலேறி வந்தது. அதனால்தான் இங்கே ஒரு சுவரைப் பார்த்ததும், அடேயப்பா, மனிதர்கள் இருக்கிற நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாக ஊருக்கு எழுதிய கடிதங்களில் சம்பளத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டதைவிட அந்தச் சுவரைப் பற்றித்தான் அதிகம் பீற்றியிருக்கிறேன்.

3

முத்தாயி நாமக்கல் பக்கத்துக்காரி. புருஷனோடு ரப்பர் மரத்தில் பால்வெட்ட வந்தவள். அவன் காய்ச்சலில் போய்விட்டான். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் பாதிப் பேரை அனுப்பினார்களே, அப்போது இவளுக்கும் வேலை போயிற்று. மற்றவர்கள் கப்பலேறினார்கள். இவள் போகவில்லை. தோட்டத்தில் இருந்தபோதே இரண்டு கன்றுகளை வளர்த்து வைத்திருந்தாள். அவற்றைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் பின்னால் வந்து ஒரு கொட்டகை போட்டாள். அந்தக் காலத்தில் அது ஊருக்கு வெளியே, வெறும் லாலான் புல் மண்டிய இடம். அப்போதிருந்த பழைய துரை குதிரைமேல் வந்து பார்த்து, இருக்கட்டும், சுத்தமாக வைத்துக்கொள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். நான்தான் அதைத் தமிழில் சொன்னேன்.

மாடு பெருகிற்று. ஊரும் பெருகிற்று. எங்கள் வீடு, ஆஸ்பத்திரி டிரசர் வீடு, ஸ்டேஷன் மாஸ்டர் வீடு எல்லாவற்றுக்கும் அவள் பால்தான். என் மகள் அன்னம்மாளுக்கு டைபாய்டு வந்து பிழைத்தது அந்தப் பாலில்தான் என்று என் மனைவி இன்றும் சொல்லுவாள். பிறகு ஊர் எல்லையை நீட்டினார்கள். நீட்டிய கோடு கொட்டகையைத் தாண்டிப் போயிற்று. ஊர் எல்லைக்குள் மாட்டுக்கொட்டகை கூடாது என்று புதுத் துரை உத்தரவு போட்டார்.

முத்தாயியை ஆபீசுக்குக் கூப்பிட்டு, கொட்டகையைப் பிரி என்றார். நான் சொன்னேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துரை கெட்டவரல்ல, அதையும் எழுதிவிடுகிறேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே ஒரு வழி சொன்னார். செமோர் பக்கம் ஆற்றோரமாக அரசாங்கப் புறம்போக்கு ஒன்று கிடக்கிறது, அங்கே கொட்டகை போட்டுக்கொள்ளட்டும், போடும்வரைக்கும் தவணையும் தருகிறேன், இப்போதே ஒத்துக்கொண்டால் போதும் என்றார். தூரம்தான். விடிவதற்குள் பாலைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். வீடுகளில் பாதி கைவிட்டுப் போகும். ஆனால் மாடு மிஞ்சும். யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

வெளியே மரத்தடியில் எனக்காகக் காத்திருந்தாள். ஒத்துக்கொள்ளட்டுமா, கோர்ட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். ஒத்துக்கொள்ளத்தான் அவளுக்கு ஆசை. எனக்குத்தான் நாக்கு துறுதுறுத்தது. ஏனென்றால் போன வருஷம் ஒரு சீனர் பன்றித் தொழுவம் விஷயமாக இதே மாதிரி வந்து நின்றார். கோடு நீட்டுவதற்கு முன்பே அங்கே இருந்த தொழுவத்தைப் பிடுங்கு என்று சொல்ல ஆபீசுக்கு உரிமை இல்லை என்று அந்தச் சிடுமூஞ்சி மாஜிஸ்திரேட் ஆபீசு உத்தரவையே தள்ளிவிட்டார். ஆபீசுத் துரையின் முகத்தில் ஈயாடவில்லை. நான் அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் அதைக் கல்யாணச் சேதிபோலச் சொன்னேன்.

"ஒத்துக்காதே முத்தாயி," என்றேன். "இங்க உக்காந்திருக்கிறவரு உத்தரவு போடுறவரு. அங்க உக்காந்திருக்கிறவரு அந்த உத்தரவு சரியான்னு பாக்குறவரு. இவரு வேற, அவரு வேற. இவரு சொன்னாரேன்னு அவரு கேக்கணும்னு இல்ல."

அவள் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். நிஜமாகவா என்று கேட்டாள். நான் சிரித்தேன். இருபது வருஷமா இங்க இருக்கேன், எனக்குத் தெரியாதா என்றேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் அவள் ஆபீசுக்கு வந்து, முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். துரை தோளைக் குலுக்கிக்கொண்டு சம்மன் போடச் சொன்னார்.

4

வழக்கு நாளன்று காலையில் பியூன் ராமன் கோர்ட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாஜிஸ்திரேட் துரை வந்த ரயில் எது என்று கேட்டேன்.

"அவரு லீவுல சீமைக்குக் கப்பலேறிட்டாரே ஐயா, தெரியாதா? அடுத்தவரு வர்ற வரைக்கும் நம்ம ஆபீசுத் துரைதான் கோர்ட்டுலயும் உக்காரப்போறாரு," என்றான்.

ஓடிப்போய் முத்தாயியிடம் சொல்லி, வாய்தா கேட்கச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சின்னக் கதவு திறந்தது. இத்தனை வருஷமாக நான் மட்டும் போய்வந்த கதவில் துரை குனிந்து நுழைந்து வந்தார். ஆபீசில் போட்டிருந்த சட்டைக்குமேல் அவரும் ஒரு கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்பாவின் தலைப்பாகை ஞாபகம் வந்தது. நானும் என் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

முத்தாயியைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே வந்தாள், நாற்காலியைப் பார்த்தாள், அவள் முகம் மலர்ந்தது. ஆம், மலர்ந்தது. நான் அதைத்தான் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பொறுத்தவரை எல்லாம் கெட்டது; அவளுக்கோ முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் முன்னால் நிற்கப்போகிறோமே என்று பயந்துகொண்டு வந்த இடத்தில் தெரிந்த முகம் இருந்தது. நம்ம துரைதானா என்று என்னிடம் கிசுகிசுத்தாள். நம் சனங்களுக்கு அதிகாரி என்றால் முகம்தான். தெரிந்த முகமாயிருந்தால் பாதி காரியம் முடிந்தது.

அடுத்ததை யாரும் தடுக்க முடியவில்லை. முந்தானையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள், விடுவிடுவென்று மேலேறிப்போய்த் துரையின் மேசையில் வைத்துக் கும்பிட்டாள். பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? தீபாவளி, பொங்கல் என்று ஆபீசுக்கு வருகிற தமிழர்கள் எல்லாரும் அவருக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள். அவரும் இரண்டு கையாலும் வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பார். சாயங்காலம் கிளப்பில் அவை எதற்குப் பிழியப்படும் என்பது ஊருக்கே தெரியும்.

துரையின் முகம் சிவந்துவிட்டது. நீதிமன்றத்தில் கைநீட்டிப் பொருள் கொடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று கேட்டார். அறியாத பெண் என்பதால் விடுகிறேன், இல்லாவிட்டால் இதற்கே ஜெயில் என்றார். ராமன் ஓடிவந்து எடுத்தபோது ஒரு பழம் உருண்டு கீழே விழுந்தது. மாத்தா பூட்ஸ் காலால் நிறுத்தினான். மாத்தா என்பது இங்கே போலீசுக்குப் பெயர். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். துரை சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"ஆபீசுல குடுத்தா வாங்கிக்குவாரே?" என்றாள் அவள். கேலியாகச் சொல்லவில்லை, எங்கே தப்பு செய்தோம் என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அறையில் நடப்பதை இந்த அறையில் பேசக் கூடாது என்றார்.

விசாரணை நீளவில்லை. கோடு நீட்டுவதற்கு முன்பே கொட்டகை இருந்தது, பழைய துரை இருக்கட்டும் என்றார் என்று முத்தாயி சொன்னாள். அது ஆபீசு குறிப்பில் உண்டா என்று கேட்டார். இல்லையென்று ஆபீசுக்காரர் சொன்னார். எழுத்தில் இல்லாத அனுமதி அனுமதியாகாது என்றார். பன்றித் தொழுவத் தீர்ப்பை எடுத்துச் சொல்ல அவளுக்கு வக்கீல் இல்லை. அந்தத் தீர்ப்பு எனக்குத் தெரியும். அது வெளிவந்த நாளில் நான் இதே இடத்தில்தான் நின்றேன். ஆனால் துபாஷி தானாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. விதி அப்படி. அந்த விதி எனக்கு அன்று வசதியாகவும் இருந்தது.

முத்தாயிக்குக் காற்று மாறிவிட்டது தெரிந்தது. அவள் முட்டாள் அல்ல. சட்டென்று இறங்கி வந்தாள். சண்டை வேண்டாம், அன்றைக்கு ஐயா சொன்னாரே அந்த செமோர் ஆற்றோரம், அதையே கொடுக்கட்டும், நாளைக்கே மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். எனக்கு மூச்சு வந்தது. சொன்னவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஆகட்டும் என்று தலையாட்டினால் முடிந்தது. அவசர அவசரமாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

துரை பேனாவை வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்கும் மனசு இல்லாமல் இல்லை என்பது அந்த யோசனையில் தெரிந்தது. பிறகு நிதானமாகச் சொன்னார்: புறம்போக்கு நிலம் ஆபீசு சம்பந்தப்பட்டது. நீதிபதியாக உட்கார்ந்திருக்கும்போது ஆபீசு காரியத்தில் நான் தலையிடுவது முறையாகாது. உத்தரவை மீறினாளா இல்லையா என்பது ஒன்றுதான் இங்கே கேள்வி. மீறியிருக்கிறாள். அபராதம். கொட்டகையைப் பிரிக்க வேண்டும்.

அதையும் நான் தமிழில் சொன்னேன்.

5

நிலம் ஆபீசுக் காரியம் என்றால் ஆபீசில் போய்க் கேட்டால் போகிறது என்று மறுநாள் காலையில் நானே அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். துரை கோட்டில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் வருத்தமாகத் தலையை ஆட்டினார். ஒருவேளை என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்ட விஷயத்தில் ஆபீசு கைவைக்கக் கூடாது என்றார். நீதிமன்றத்தின் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறது. அதில் அதிகாரிகள் தலையிட ஆரம்பித்தால் நாடு என்ன ஆவது என்று என்னைப் பார்த்தே கேட்டார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு. கர்த்தாவே, அவர் நடிக்கவில்லை. இரண்டு நாற்காலியும் ஒன்றையொன்று அவ்வளவு மரியாதையாக நடத்திக்கொண்டன. நம் ஊர்ச் சங்கத்தார் மேடை போட்டுக் கேட்கிறார்களே, அந்தத் தத்துவம் முழுவதையும் இந்த மனிதர் ஒரு பிசகில்லாமல் தமக்குள்ளேயே காப்பாற்றினார். காப்பாற்றப்படாதது மாடு மட்டும்தான்.

சனிக்கிழமை அன்னம்மாள் வந்தாள். அவள் ஈப்போவில் கன்னியர் பள்ளியில் படிக்கிறாள். வாரமெல்லாம் அந்த ஊரை அடுத்த சிலிபினில் என் மைத்துனி வீட்டில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை ரயிலில் வருவாள். வர வர அவளுக்கு என்னிடம் தமிழ் வருவதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வீட்டிலும் எனக்குத் துபாஷி வேலைதான், அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமே. பால் ஏன் தண்ணீராக இருக்கிறது என்று கேட்டாள். வேறு ஆளிடம் வாங்குகிறோம் என்று சொல்லி நடந்ததைச் சொன்னேன். அவள் கொதிப்பாள் என்று நினைத்தேன். டைபாய்டில் கிடந்தபோது இவளுக்குத் தலைமாட்டில் வந்து உட்கார்ந்திருந்தவள் முத்தாயி.

அன்னம்மாள் கவனமாகக் கேட்டாள். பிறகு, அவர் செய்தது சரிதானே அப்பா என்றாள். நீதிபதி வேறு காரியத்தில் தலையிடக் கூடாது, அதிகாரி தீர்ப்பில் தலையிடக் கூடாது. இங்கிலாந்தில் ராஜாவே தலை கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் அது என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார்களாம். இரண்டும் ஒரே ஆளாயிற்றே, மகளே என்றேன். அதனால்தான் அது இன்னும் பெரிய காரியம், எவ்வளவு கட்டுப்பாடு பாருங்கள் என்றாள்.

என் மனைவி, இது தமிழில் வரும் என்று இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட விஷயம் என்று சொல்லி விட்டுவிட்டேன். பிள்ளை மேல் கோபம் வரவில்லை. அவள் பேசியது அத்தனையும் நான் பல வருஷமாக இந்த வீட்டில் பேசியதுதான். உச்சரிப்பு மட்டும் அவளுடையது என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

6

கொட்டகையைப் பிரித்தார்கள். கூரையில்லாத மாடுகள் தெருவில் நின்றன. தெருவில் நின்ற மாடுகளைப் பட்டியில் அடைத்தார்கள். அபராதமும் பட்டிக்கூலியும் கட்டாவிட்டால் ஏலம் என்று பறையடித்தார்கள். முத்தாயி தோட்டத்துக் கூலிவீட்டு லயத்தில் தன் தங்கை முறைக்காரி வீட்டில் போய் ஒண்டிக்கொண்டாள்.

நான் தூக்கமில்லாமல் ஒரு முடிவுக்கு வந்தேன். மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது. ஈப்போவில் பெரிய ஜட்ஜ் துரை இருக்கிறார். அவர் எந்த ஆபீசுக்கும் துரை அல்ல. சாலையும் சாக்கடையும் அவர் கையில் இல்லை. பன்றித் தொழுவத் தீர்ப்பை அவர்முன் வைத்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. கெடு இன்னும் இருந்தது. மேல்முறையீடு போட்டால் ஏலத்தை நிறுத்தி வைப்பார்கள். ஆனால் யார் எழுதுவது? அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் அரசாங்கத்துக்கு எதிராக மனு எழுதினால் மறுநாள் சீட்டுக் கிழிந்துவிடும். கிழியட்டும் என்று நினைத்தேன். என் மனைவியிடம் சொன்னேன். அவள் அன்னம்மாளின் பள்ளிக்கூடச் சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்டாள். பிறகு, போய்ட்டு வாங்க என்றாள். என் வாழ்நாளில் துணிந்து செய்த காரியம் என்று ஏதாவது இருந்தால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் தோட்டத்துக்கு நடந்தேன்.

முத்தாயி லயத்து வாசலில் உட்கார்ந்து சாக்குத்துணியில் இடுப்பில் கட்டும் ஒரு முன்கட்டு தைத்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து கங்காணியிடம் பால்வெட்டப் போகிறாளாம். என்னைக் கண்டதும் எழுந்து, உள்ளேயிருந்து முக்காலியை எடுத்துப் போட்டாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய ஜட்ஜ் உண்மையிலேயே வேறு ஆள் என்றேன். நானே பார்த்திருக்கிறேன், நரைத்த தாடி, நம் துரையை அவருக்கு முகம்கூடத் தெரியாது என்றேன். போன தடவை நான் சொன்னது பொய்யாகப் போயிற்று, இந்தத் தடவை பைபிள் மேல் சத்தியம் என்றேன். மனுவை என் கையாலேயே எழுதுகிறேன், செலவு உனக்கில்லை, என் வேலை போனாலும் போகட்டும் என்றேன். என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அந்தக் கோர்ட்டுல எனக்குத் தமிழ்ல சொல்றது யாருங்க?" என்று கேட்டாள்.

இங்கிருந்து போகிற வழக்கு, ஈப்போத் துபாஷிக்கு விவரம் தெரியாது, பயப்படாதே என்றேன். "நானே வாரேன் முத்தாயி. நானே பக்கத்துல நின்னு சொல்றேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பாவம் பார்க்கிற பார்வை அது.

"அப்ப வேணாங்கய்யா," என்றாள். "துரை என்ன பேசினாருன்னு எனக்கு எங்க தெரியும்? ஆபீசுல கொட்டகையப் பிரின்னு சொன்னது உங்க கொரலு. கோர்ட்டுல அபராதம்னு சொன்னதும் உங்க கொரலு. மறுநா எடமும் கெடையாதுன்னு சொன்னதும் உங்க கொரலுதான். இன்னொருக்கா அதக் கேக்க என்னால ஆகாது."

வந்தது வந்தீர்கள், ஒரு வாய் கோப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று உள்ளே போனாள். நான் இருக்கவில்லை.

கெடு போயிற்று. அடுத்த வாரம் பட்டி வாசலில் ஏலம் நடந்தது. செமோரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் பால்காரர்கள் வந்திருந்தார்கள். துரை ஒவ்வொரு மாட்டுக்கும் ஆங்கிலத்தில் விலை சொன்னார். கடைசி வரிசையில் நின்றவனுக்கும் கேட்கும்படி, நான் அதைத் தமிழில் கூவினேன்.